படுக்கை கொடுத்தோம், ஏன் திரும்பி வந்தார்?

கேள்வி:

எங்கள் தெருமுனையில் பூட்டிக் கிடக்கும் ஒரு கடையின் வாசலில், அறுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் சில வருடங்களாகப் படுத்து எழுகிறார். மீன்பாடி வண்டி ஓட்டுகிறார். பீரோ, மூட்டை, மணல், ஜல்லி என்று எது கிடைத்தாலும் ஏற்றிப் போவார். ராத்திரி வண்டியைத் தூணோடு சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு, பக்கத்திலேயே படுப்பார். கொஞ்சம் குடிப்பழக்கம் உண்டு. ஆனால் யாரிடமும் வம்புக்குப் போனதில்லை. என்னைப் பார்த்தால் "சாப்ட்டியாம்மா?" என்று அவர்தான் முதலில் கேட்பார்.

போன மழையில் சளியும் காய்ச்சலுமாக நடுங்கிக்கொண்டு கிடந்தார். பார்க்கப் பொறுக்காமல் மாநகராட்சியின் உதவி எண் 1913க்குப் போன் செய்தேன். ஆட்கள் வந்து அவரிடம் பேசி, மாநகராட்சிக் காப்பகத்துக்கு அழைத்துப் போனார்கள். மனசுக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, பழையபடி கடை வாசலில் இருக்கிறார். கேட்டால், "நல்லாத்தாம்மா பாத்துக்கினாங்க. வண்டிய யாரு பாத்துக்குவா?" என்கிறார். ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் 2015 வெள்ளத்தில் போய்விட்டதாம். மனைவி இறந்துவிட்டார், மகனோடு பேச்சு இல்லை.

எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் இதைப் பேசினோம். "இவங்களுக்கு எவ்வளவு செஞ்சாலும் ரோடுதான் பிடிக்கும்" என்றார் ஒருவர். போலீசில் சொல்லி அப்புறப்படுத்தலாம் என்றார் இன்னொருவர். கடைசியில், ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு காப்பகத்துக்குப் போர்வையும் அரிசியும் வாங்கிக் கொடுக்கலாம் என்று முடிவாகியிருக்கிறது. எனக்குச் சில சந்தேகங்கள். இந்தக் காப்பகங்களை யார் நடத்துகிறார்கள்? அங்கே சாப்பாடும் படுக்கையும் தவிர என்ன நடக்கிறது? இவரைப் போன்றவருக்கு நிரந்தரமாக ஒரு வீடு கிடைக்க வழி உண்டா? எங்கள் பணத்தை எதற்குக் கொடுத்தால் உண்மையில் பயன்படும்?

— வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்:

வண்டியை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று அவர் கேட்டாரே, அதைச் சாக்கு என்று நினைக்காதீர்கள். அந்த வண்டிதான் அவருடைய முதலீடு, சம்பாத்தியம், சேமிப்பு எல்லாம். அது திருடு போனால் மறுநாளிலிருந்து அவர் கையேந்த வேண்டியதுதான். பத்துக்குப் பத்து அறையும் மெத்தையும் கொடுத்து, பதிலுக்குத் தொழிலை விட்டுவிடச் சொன்னால் நீங்களோ நானோ சம்மதிப்போமா? அவரும் சம்மதிக்கவில்லை. அவ்வளவுதான்.

காப்பகத்துக்கு வந்து திரும்பிப் போகிறவர்களிடம் உட்கார்ந்து பேசினால் அநேகமாக எல்லோரிடமும் இப்படி ஒரு நடைமுறைக் காரணம் இருக்கும். கோயம்பேட்டில் மூட்டை இறக்குபவருக்கு வேலையே நள்ளிரவுக்கு மேல்தான். காப்பகத்தின் கேட்டை அதற்கு முன்பே சாத்திவிடுவார்கள். கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறப் போகிறவர் ஒரு மணிக்குத் திரும்புவார். கணவனும் மனைவியும் பிளாட்பாரத்தில் சேர்ந்து இருக்கலாம். காப்பகத்துக்கு வந்தால் ஆண்கள் காப்பகம் ஒரு பக்கம், பெண்கள் காப்பகம் வேறொரு பேட்டையில். பத்து வயதுப் பையனை வைத்திருக்கும் தாய் அவனை எங்கே விடுவாள்? குடிக்கிறவர் முதல் நாளே வாசலில் திட்டு வாங்குவார். மூட்டைப்பூச்சி, பக்கத்துப் படுக்கைக்காரரின் சண்டை, "ஏன் இப்படி ஆனே?" என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் கேட்கும் கேள்வி, இவையும் ஆளை விரட்டும்.

இவற்றோடு பழைய பயம் ஒன்றும் இருக்கிறது. பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1945லேயே வந்துவிட்டது. தெருவில் இருப்பவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அடைத்த கதைகள் பிளாட்பாரத்தில் தலைமுறை தாண்டியும் பேசப்படுகின்றன. மாநகராட்சி வண்டி வந்து நின்றால் அவர்களுக்கு முதலில் அந்த ஞாபகம்தான் வரும். காப்பகம் ஜெயில் இல்லை, இஷ்டப்பட்டால் வரலாம், போகலாம் என்பது அவர்களுக்குப் புரியவே சில தடவை வந்து போக வேண்டியிருக்கும். அதனால் உங்கள் பெரியவர் திரும்பி வந்ததைத் தோல்வியாக எழுதி மூடிவிடாதீர்கள். காய்ச்சலுக்குச் சிகிச்சை கிடைத்தது, "நல்லாத்தாம்மா பாத்துக்கினாங்க" என்றும் சொல்கிறார். அடுத்த தடவை அவரிடம் பேச இது நல்ல ஆரம்பம்.

யார் கட்டியது, யார் நடத்துவது

நகர்ப்புறக் காப்பகங்கள் இன்றைய வடிவத்துக்கு வந்ததில் உச்ச நீதிமன்றத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 2001ல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த 'உணவு உரிமை' வழக்கு பல வருடம் நடந்தது. 2009 டிசம்பர் குளிரில் டெல்லியில் ஒரு தற்காலிகக் காப்பகத்தை இடித்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் தெருவில் இருந்தவர்கள் இறந்தார்கள். நீதிமன்றம் நியமித்திருந்த ஆணையர்கள் இதைக் கடிதமாக எழுத, 2010ல் உத்தரவுகள் வந்தன. ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு, 100 பேர் தங்கும் அளவுக்கு ஒரு காப்பகம். வருடம் முழுவதும், இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும். 2013ல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் இதை ஒரு திட்டமாகவே எடுத்துக்கொண்டு நிதி ஒதுக்கியது.

சென்னையில் வழக்கமான ஏற்பாடு இதுதான்: கட்டடம் மாநகராட்சியுடையது, அன்றாட நிர்வாகம் ஒரு தொண்டு நிறுவனத்துடையது. ஆண்களுக்கு, பெண்களுக்கு, முதியவர்களுக்கு, மனநலம் பாதித்தவர்களுக்கு, அரசு மருத்துவமனைகளில் நோயாளிக்குத் துணையாக வந்தவர்களுக்கு என்று தனித்தனிக் காப்பகங்கள் இருக்கின்றன. நீங்கள் 1913க்குப் போன் செய்தபோது வந்தவர்களுக்குப் பின்னால் இந்த அமைப்பு முழுவதும் இருக்கிறது.

இப்போது பணக் கணக்கைப் பாருங்கள். 2013 விதிமுறையில், 50 பேர் தங்கும் காப்பகத்தை நடத்த வருடத்துக்கு 6 லட்சம் ரூபாய். மாதத்துக்கு 50,000. ஆளுக்கு மாதம் 1,000, நாளுக்கு 33 ரூபாய் சொச்சம். அதே விதிமுறை ஒரு மேலாளரும், எட்டு மணி நேர ஷிஃப்ட்டாக மூன்று பராமரிப்பாளர்களும் வேண்டும் என்கிறது. நான்கு பேருக்குச் சம்பளம், கரண்ட் பில், தண்ணீர், பினாயில், மோட்டார் ரிப்பேர் எல்லாம் அந்த 50,000க்குள் அடங்க வேண்டும். ஆளுக்கு 50 சதுர அடி இடம், லாக்கர், மின்விசிறி, குளியலறை, கழிப்பறை, முதலுதவிப் பெட்டி என்று விதிமுறையில் பட்டியல் நன்றாகவே இருக்கிறது. அரசு சலுகைகளை வாங்கிக் கொடுப்பதும் காப்பகத்தின் கடமை என்று எழுதியிருக்கிறது. அந்தக் கடமையைச் செய்ய ஓர் ஆள் வேண்டுமே, அந்த ஆளுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? தொண்டு நிறுவனம் தன் கையிலிருந்து போட வேண்டும், அல்லது அந்த வேலை நடக்காது.

ஒதுக்கிய பணமும் எல்லா மாநிலத்திலும் ஒழுங்காகச் செலவாகவில்லை. இதை விசாரிக்க 2016 நவம்பரில் நீதிபதி கைலாஷ் கம்பீர் தலைமையில் உச்ச நீதிமன்றம் ஒரு குழுவையே அமைத்தது. காப்பகங்கள் போதாமலும் நிதி செலவழியாமலும் கிடப்பதை அந்தக் குழுவின் அறிக்கை எடுத்துக்காட்டியது.

எத்தனை பேருக்கு இது தேவை என்ற எண்ணிக்கையே சிக்கலானது. 2011 கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் வீடற்றவர்கள் 17.7 லட்சம் பேர், அதில் நகரங்களில் 9.38 லட்சம் பேர். பிப்ரவரி 28 ராத்திரி, ஒரே ராத்திரியில் எடுத்த கணக்கு அது. அன்று மார்க்கெட்டில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவரும், ஆட்களைப் பார்த்து ஒதுங்கிக்கொண்ட பெண்ணும் அதில் வந்திருப்பார்களா என்று யோசித்துப் பாருங்கள்.

படுக்கைக்குப் பிறகுதான் வேலையே

சாப்பாடும் படுக்கையும் தவிர என்ன நடக்கிறது என்று கேட்டீர்கள். நல்ல காப்பகத்தில் நடக்கும் முக்கியமான வேலை ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது, போட்டோவிலும் விழாது. பெரும்பாலும் அது வரிசையில் நிற்கும் வேலை.

உங்கள் பெரியவரையே எடுத்துக்கொள்வோம். அறுபதைத் தாண்டியவர், ஆதரவற்றவர். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023ல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. அதற்கு விண்ணப்பிக்க ஆதார் வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும், முகவரி வேண்டும். ஆதார் எடுக்கப் போனால் முகவரிச் சான்று கேட்பார்கள். கடை வாசலுக்கு யார் சான்று தருவார்கள்? இந்த முடிச்சை அவிழ்க்கும் இடம் காப்பகம்தான். அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் குறிப்பிட்ட படிவத்தில் தரும் சான்றை ஆதார் மையம் ஏற்றுக்கொள்கிறது. அவர் முன்பே ஆதார் எடுத்தவர் என்பதால், கைரேகை மூலம் பழைய எண்ணையே கண்டுபிடிக்க முயலலாம். மூட்டை தூக்கித் தேய்ந்த விரல் ரேகை மெஷினில் சில சமயம் விழாது. அப்போது கண் கருவிழிப் பதிவு. ஆதார் கிடைத்தபின் வங்கி, பிறகு இ-சேவை மையம், பிறகு தாலுகா அலுவலகம். ஒவ்வொரு இடத்திலும் 'நாளைக்கு வாங்க' உண்டு. ஒரு நாள் கவுண்டரில் நின்றால் அவருக்கு ஒரு நாள் சவாரி போச்சு. கூட ஒருவர் வந்து அதிகாரியிடம் பேசாவிட்டால் இரண்டாவது 'நாளைக்கு வாங்க'வோடு அவர் விட்டுவிடுவார்.

ஓட்டுரிமைக்கு இவ்வளவு சிரமம் இல்லை. வீடில்லாதவர் படிவம் 6ல் தான் தூங்கும் இடத்தை எழுதினால் போதும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் நேரில் வந்து அவர் அங்கே தூங்குகிறாரா என்று பார்க்க வேண்டும், வேறு முகவரிச் சான்று தேவையில்லை என்று தேர்தல் ஆணையத்தின் வழிகாட்டுதலே இருக்கிறது. பலருக்கு இது தெரியாது, சில அலுவலர்களுக்கும் தெரியாது. காப்பகத்துச் சமூகப் பணியாளர் அந்த வழிகாட்டுதலை அச்செடுத்துக் கையில் வைத்திருப்பார்.

அடுத்தது உடம்பு. தெருவில் இருப்பவருக்கு வரும் நோய்கள் நாம் அறியாதவை அல்ல: காசநோய், ஆறாத கால் புண், சர்க்கரை, கண்புரை, பல். ஆனால் காசநோய் மாத்திரையை மாதக்கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டும். அதை எங்கே வைத்துக்கொள்வது, யார் ஞாபகப்படுத்துவது? தலைமாட்டுப் பையோடு திருட்டுப் போகும் மாத்திரையால் யாருக்கும் குணமாகாது. ஒரு லாக்கரும், காலையில் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவரும் இருந்தால் குணமாகும்.

குடிப்பழக்கமும் இப்படித்தான், முதலில் உள்ளே இடம் வேண்டும். 'குடியை விட்டால்தான் உள்ளே' என்ற காப்பகம், குடியை விட முடியாதவரைத்தான் வெளியே நிறுத்துகிறது. உள்ளே குடிக்கக் கூடாது, சண்டை போடக் கூடாது என்ற விதி நியாயம். குடித்துவிட்டு வந்ததற்காக ராத்திரி பதினோரு மணிக்கு மழையில் திருப்பி அனுப்புவது நியாயமில்லை. அனுபவமுள்ள பொறுப்பாளர் அவரைத் தனியாக ஓர் ஓரத்தில் படுக்கவைத்துவிட்டு, பேச்சைக் காலையில் வைத்துக்கொள்வார்.

பெண்கள் விஷயத்தில் உதவி ஒரு ராத்திரி தள்ளிப்போவதே ஆபத்து. விடியும் முன் குளிக்க மறைவிடம் தேடுவதும், தூங்காமல் உட்கார்ந்தே இரவைக் கழிப்பதும் அவர்களுடைய அன்றாடம். தனியாக ஒரு பெண்ணைத் தெருவில் பார்த்தால் 181க்குச் சொல்லுங்கள், பெண்கள் காப்பகத்துக்கு வழிகாட்டுவார்கள். குழந்தை தனியாக இருந்தால் 1098.

மனநலம் பாதித்தவர் என்றால்

உங்கள் பெரியவருக்கு இந்தப் பிரச்சினை இருப்பதாகத் தெரியவில்லை. ஆனாலும் நாளை அதே தெருவில் வேறொருவரைப் பார்க்க நேரலாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 100ஆவது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் சுற்றித் திரிபவரைப் பாதுகாப்பாக அழைத்துப் போவது காவல் நிலையப் பொறுப்பாளரின் கடமை. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்தில் காட்ட வேண்டும், எக்காரணம் கொண்டும் லாக்கப்பில் வைக்கக் கூடாது, குடும்பத்தைத் தேடும் பொறுப்பும் போலீசுக்கு உண்டு. வீடற்றவர்களுக்கு அரசு மனநலச் சிகிச்சை இலவசம். வறுமைக்கோட்டு அட்டை கேட்கக் கூடாது. சென்னைப் போலீசார் 2021ல் 'காவல் கரங்கள்' என்ற பெயரில் தெருவில் தவிப்பவர்களை மீட்க ஒரு தனி ஏற்பாட்டையே தொடங்கினார்கள். தன்னார்வ அமைப்புகளோடு சேர்ந்துதான் அது நடக்கிறது.

இந்தத் துறையில் சென்னைக்குச் சொந்தமாகவே ஒரு பாடம் உண்டு. 1993ல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 'தி பான்யன்' அமைப்பைத் தொடங்கினார்கள். மனநலம் பாதித்துத் தெருவில் இருந்த பெண்களுக்காக முதலில் வந்தது ஓர் இடைக்காலக் காப்பகம். சிகிச்சை எடுத்துத் தேறிய பலர் வீட்டுக்குத் திரும்பினார்கள். சிலருக்குத் திரும்ப வீடே இல்லை; இருந்தாலும் ஏற்றுக்கொள்ள ஆள் இல்லை. அவர்கள் வருடக்கணக்கில் காப்பகத்திலேயே இருந்தார்கள். 2015ல் 'ஹோம் அகெய்ன்' என்ற திட்டத்தைத் தொடங்கியபோது பான்யன் செய்தது எளிமையான காரியம்: சாதாரணத் தெருவில், சாதாரண வாடகை வீடு எடுத்து, நான்கைந்து பேரைச் சேர்ந்து வாழ வைத்தார்கள். துணைக்கு ஒரு பணியாளர். என்ன சமைப்பது, எப்போது தூங்குவது, யாரை வீட்டுக்குக் கூப்பிடுவது என்று அவர்களே முடிவு செய்தார்கள். பல வருடம் நிறுவனத்துக்குள் இருந்தவர்கள் கடைக்குப் போய்ப் பேரம் பேசத் தொடங்கினார்கள். பிறகு கேரளம், அசாம், மகாராஷ்டிரம் என்று வெளி மாநிலங்களுக்கும் இந்த முறை போனது.

நிரந்தர வீடு கிடைக்குமா?

உலகத்தில் இதற்கு இரண்டு விதமான விடைகள் உண்டு. படிப்படியாகப் போவது ஒன்று: முதலில் தெரு, பிறகு காப்பகம், குடியை விட வேண்டும், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட வேண்டும், வேலை தேட வேண்டும், கடைசியில் தகுதி வந்தபின் வீடு. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் பேர் விழுவார்கள், விழுந்தவர் மறுபடியும் தெருவிலிருந்து தொடங்க வேண்டும். இதைத் தலைகீழாக்கியவர் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர். நியூயார்க்கில் 1992ல் அவர் தொடங்கிய அமைப்பு, மனநலம் பாதித்துத் தெருவில் இருந்தவர்களுக்கு நிபந்தனை இல்லாமல் முதலில் வீட்டுச் சாவியைக் கொடுத்தது. சிகிச்சை, வேலை எல்லாம் அதன் பிறகு, அவர்கள் விருப்பப்படி. பின்லாந்து இதை நாட்டின் கொள்கையாகவே ஆக்கியது. அங்கே 1985லிருந்து இயங்கும் ஒய் அறக்கட்டளை என்ற லாப நோக்கற்ற அமைப்பு, ஊருக்குள் சாதாரண அடுக்குமாடிகளில் ஒற்றை ஃப்ளாட்டுகளை வாங்கி வாடகைக்கு விடுகிறது. 2008 முதல் பழைய இரவு விடுதிகளைத் தனித்தனி வீடுகளாக மாற்றினார்கள். தங்குபவர் பெயரிலேயே வாடகை ஒப்பந்தம் போட்டுக் கொடுக்கிறார்கள். அங்கே வீடற்றவர் எண்ணிக்கை பெரிய அளவில் இறங்கியதற்கு இது முக்கியக் காரணம்.

பின்லாந்தின் பணம் நம்மிடம் இல்லை, அதன் வாடகை மானியமும் இல்லை. நம் ஊரில் அரசு வீடு என்றால் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடி. 1970ல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021ல் பெயர் மாறியது. குடிசை போட்டவருக்குக் குடிசை எண்ணாவது இருக்கும். பிளாட்பாரத்தில் தனியாகப் படுப்பவருக்கு அதுவும் இல்லாததால் பயனாளிப் பட்டியலில் ஏறுவதே கஷ்டம். பாரிமுனை, யானைக்கவுனி, ராயபுரம் பக்கம் இரண்டு மூன்று தலைமுறையாக நடைபாதையிலேயே இருக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்குத் தூரத்துப் பெரும்பாக்கத்தில் வாரிய வீடு கிடைத்தாலும், மூட்டையும் மீன்பாடி வண்டியும் வீட்டு வேலையும் இருப்பது இங்கே. இருபது, முப்பது கிலோமீட்டர் போய் வரும் பஸ்ஸும் நேரமும் கூலியைத் தின்றுவிடும். கதவைப் பூட்டிவிட்டுப் பிழைப்பு இருக்கும் பிளாட்பாரத்துக்கே திரும்புகிறவர்களை 'ரோடுதான் பிடிக்கும்' என்று சொல்லிவிடுவது சுலபம்.

உங்கள் பெரியவருக்கு நடைமுறையில் இருக்கும் வழி, வேலைக்குப் பக்கத்திலேயே, இரண்டு மூன்று பேர் பங்கிடும் ஒரு வாடகை அறை. தினம் சம்பாதிக்கிறவர், உதவித்தொகையும் வந்தால் தன் பங்கு வாடகையைக் கொடுத்துவிடுவார். அவரால் தாண்ட முடியாத சுவர் அட்வான்ஸ். 2017 வாடகைச் சட்டம் பொதுவாக மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. சென்னையில் பத்து மாதம் கேட்டுப் பழகியவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அட்வான்ஸோடு கூடவே, 'இவருக்கு நாங்க பொறுப்பு' என்று வீட்டுக்காரரிடம் சொல்ல ஒருவரும் வேண்டும். தனியாள், வயசானவர், அடையாள அட்டை இல்லாதவர் என்றால் யாரும் வீடு தர மாட்டார்கள். தொண்டு நிறுவனம் இங்கேதான் தேவை: பேசி அறை பிடிப்பது, ஒப்பந்தத்தில் நிற்பது, குடியேறிய பிறகு வாரம் ஒரு தடவை போய்ப் பார்ப்பது.

உங்கள் பணம்

போர்வையும் அரிசியும் கெட்ட யோசனை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிறந்தநாள், திதி, பண்டிகை என்று அவை வந்துகொண்டேதான் இருக்கும். தீபாவளி சமயம் மூன்று பேர் பிரியாணி கொண்டுவருவார்கள், மறு வாரம் ஒருவரும் வர மாட்டார்கள். யாரும் கொடுக்காத செலவுகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சமூகப் பணியாளரின் சம்பளத்தில் ஒரு பங்கு. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, இ-சேவைக் கட்டணம், மூக்குக்கண்ணாடி, பல் செட். பூட்டு போட்ட லாக்கர். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓர் அட்வான்ஸ் நிதி. உங்கள் சங்கம் ஓர் அறைக்கான அட்வான்ஸை ஒரு நிறுவனத்திடம் கொடுத்து வைத்தால், அங்கே தங்கியவர் காலி செய்யும்போது அதே பணம் அடுத்தவருக்குப் போகும். போர்வை ஒரு மழைக்காலத்தோடு கிழிந்துவிடும்; இது சுற்றிக்கொண்டே இருக்கும். மொத்தமாக ஒரே தடவை கொடுப்பதைவிட, குறைவானாலும் மாதாமாதம் கொடுப்பது நிறுவனத்துக்கு உதவும், ஏனென்றால் சம்பளத்தை மாதாமாதம்தான் கொடுக்க முடியும்.

கொடுப்பதற்கு முன் நேரில் போங்கள். பதிவு, வரவு செலவுத் தணிக்கை, நன்கொடைக்கான வரிச்சலுகைச் சான்று எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் படி. அதற்குமேல் நான் பார்ப்பவை இவை: லாக்கர் சாவி யார் கையில் இருக்கிறது, தங்குபவர் கையிலா, ஆபீஸிலா? வேலைக்குப் போய் நேரம் கழித்து வருகிறவருக்கு கேட் திறப்பார்களா? அடையாள அட்டை இல்லாதவரை வாசலில் என்ன சொல்கிறார்கள்? தங்கியிருப்பவர்களின் முகத்தை நன்கொடை போஸ்டரில் போடுகிறார்களா? அழுக்கான 'முன்பு' படம், முடி வெட்டிய 'பின்பு' படம் என்று போட்டு விளம்பரம் தேடும் இடத்துக்கு நான் கொடுக்க மாட்டேன். கடைசியாக, போன வருடம் இங்கிருந்து போனவர்கள் எங்கே போனார்கள் என்று கேளுங்கள். குடும்பத்துக்கு இத்தனை பேர், வாடகை அறைக்கு இத்தனை பேர், மறுபடி தெருவுக்கு இத்தனை பேர் என்று மூன்றாவது எண்ணையும் மறைக்காமல் சொல்கிற இடத்தை நம்பலாம்.

போலீசில் சொல்லலாம் என்றவருக்கு

அவரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். பம்பாய் நடைபாதைவாசிகள் தொடுத்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில் 1985லேயே உச்ச நீதிமன்றம், உயிர் வாழும் உரிமையில் பிழைக்கும் உரிமையும் அடக்கம் என்று சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு நடைபாதையில் நிரந்தரமாக இருக்க உரிமை தரவில்லை என்பதும் உண்மை. முறையாக அறிவிக்காமல், காரணம் கேட்காமல் விரட்டக் கூடாது என்றது. இரண்டாவது, இங்கிருந்து விரட்டினால் பெரியவர் மறைந்துவிட மாட்டார், அடுத்த தெருவுக்குப் போவார். அந்தத் தெருவில் அவருக்குத் தெரிந்த சவாரியும் இருக்காது, காய்ச்சல் வந்தால் போன் செய்ய உங்களைப் போல ஒருவரும் இருக்க மாட்டார்.

இந்த வாரமே செய்யக்கூடியவை சில. ராத்திரியில் அந்த வண்டியை உங்கள் குடியிருப்பு வளாகத்துக்குள் நிறுத்த அனுமதி கொடுங்கள். வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டால் போதும். அவர் தங்கிய காப்பகத்துப் பொறுப்பாளரைப் பார்த்து, வண்டிக்கு இடம் கிடைத்திருக்கிறது, வேலை நேரம் இது, கேட் விஷயத்தில் என்ன செய்யலாம் என்று பேசுங்கள். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் இல்லாமல் அவரைப் பற்றி முடிவு செய்யாதீர்கள். ஆதாருக்கான சான்றை அங்கேயே கேட்டு வாங்குங்கள். முதியோர் உதவி எண் 14567ல் உதவித்தொகைக்கு வழி கேட்கலாம். மகனைப் பற்றி நீங்களாகத் தூண்டித் துருவாதீர்கள், அவராகப் பேசினால் கேளுங்கள். காப்பகத்துக்குப் போக மாட்டேன் என்று இதற்குப் பிறகும் சொன்னால், அது அவருடைய முடிவு. அப்போதும் ஆதாரும் உதவித்தொகையும் அவருக்கு உரியவைதான். தெருவில் இருக்கிறார் என்பதற்காக அவற்றை நிறுத்திவைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. சங்கத்தில் சேரும் பணத்தின் முதல் தவணையை அந்த அலைச்சலுக்கான ஆட்டோச் செலவுக்கு எடுத்துவையுங்கள்.